வாளியில் படிந்த துருவும் சூரையின் சிவப்பும்

திருகோணமலையின் நிலாவெளிப் பக்கத்தில் உறவினர் வீடொன்றில் குழாய்க் கிணறு இருக்கிறது. மாலையில் அடித்து வைக்கும் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். இரவு கழிந்து விடியும்போது வாளியின் அடியில் காவிப் பொடி படிந்திருக்கும். வெள்ளைத் துணியை அதில் நனைக்க மாட்டார்கள். தண்ணீரில் இரும்பு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மேல் நீரை மெதுவாக வடித்துப் புழங்கப் பழகிவிட்டார்கள். ஒரு முறை அங்கே தங்கியிருந்தபோது, அந்த வாளிக்குப் பக்கத்திலேயே, அன்று காலை கரைக்கு வந்த சூரை மீனை அறுத்தார்கள். முள்ளையொட்டிய சதை கருஞ்சிவப்பாக மின்னியது. அந்தச் சிவப்புக்கும் காரணம் இரும்புதான். வாளியில் ஓர் இரவுகூடத் தாங்காத இரும்பு, மீனின் உடலில் அதன் ஆயுள் முழுவதும் ஒட்சிசனைச் சுமந்து திரிந்திருக்கிறது. தனிமம் ஒன்றே. அதைப் பிடித்திருந்த கைகள்தான் வேறு.

வாளியில் நடந்ததை முதலில் பார்ப்போம். நிலத்தடியில் காற்றுப் படாத நீரில் இரும்பு இரண்டு இலத்திரன்களை இழந்த அயனாக இருக்கிறது. இதை ஈரேற்ற இரும்பு என்று சொல்லிக்கொள்ளலாம். அது நீரில் நன்றாகக் கரையும். காற்றில் உள்ள ஒட்சிசன் பட்டதும் மூன்றாவது இலத்திரனையும் இழந்து மூவேற்ற இரும்பாகிறது. மூவேற்ற இரும்புக்கு நடுநிலை நீரில் இடமில்லை. ஐதரொட்சைட்டாகி அடியில் தங்கிவிடும். ஒரு லீற்றர் நடுநிலை நீரில் தனியே மிதக்கக்கூடிய மூவேற்ற இரும்பு அயன்கள் ஆறு இலட்சம் அளவில்தான் இருக்கும். இலட்சம் என்பது பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஒரே ஒரு துளி நீரில் உள்ள மூலக்கூறுகளை எழுத, ஒன்றுக்குப் பின்னால் இருபத்தொரு பூச்சியங்கள் போட வேண்டும்.

வளர்ந்த மனிதரின் உடலில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது, ஒரு சிறிய ஆணியின் எடை. உடலில் ஒட்சிசனும் நீரும் எங்கும் நிறைந்திருக்கின்றன. அந்த ஆணி கரைந்து திறந்தவெளியில் கிடந்தால் கலங்களெல்லாம் அந்த வாளியைப் போலாகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு: தனித்து விடப்பட்ட ஈரேற்ற இரும்பு, கலங்களில் இயல்பாகவே உண்டாகும் ஐதரசன் பேரொட்சைட்டை உடைத்து, எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்கும் மூலக்கூற்றுத் துண்டுகளை உருவாக்குகிறது. பரம்பரைப் பொருளான டி.என்.ஏ.யும் அந்தத் தாக்குதலுக்குத் தப்புவதில்லை. ஆகவே உயிர்கள் இரும்பைத் தனியே விடுவதில்லை. குடலில் உறிஞ்சப்படுவது முதல் இரத்தத்தில் பயணிப்பது, சேமிக்கப்படுவது, வேலை செய்வது வரை ஏதோ ஒரு புரதத்தின் பிடியிலேயே அது இருக்கிறது.

புரதம் எதைக்கொண்டு பிடிக்கிறது? புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிமாலையாகக் கோக்கப்பட்ட நீண்ட இழை. அந்த இழை மடிந்து சுருளும்போது, மாலையில் எங்கோ தொலைவில் இருந்த மணிகள் ஓரிடத்தில் அருகருகே வந்து ஒரு பொந்தை உண்டாக்குகின்றன. அந்தப் பொந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சில பக்கக் கிளைகளில், கொடுப்பதற்கு இலத்திரன் சோடி வைத்திருக்கும் அணுக்கள் உண்டு. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தில் அது நைதரசன். சிஸ்டீனில் கந்தகம். அஸ்பார்டிக் அமிலம், குளுத்தாமிக் அமிலம், தைரோசின் ஆகியவற்றில் ஒட்சிசன். உயர்தர இரசாயனவியல் படித்தவர்கள் இவற்றை இணையிகள் என்று அறிவார்கள். இரும்பு அயன் பெரும்பாலும் ஆறு இணையிகளை விரும்புகிறது: மேல், கீழ், நான்கு பக்கம்.

ஆறில் எந்த அணுக்கள் என்பதில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மூவேற்ற இரும்பு சிறியது, ஏற்றம் செறிந்தது. தன் இலத்திரன்களை இறுக வைத்திருக்கும் ஒட்சிசனோடு அது நன்றாகச் சேரும். ஈரேற்ற இரும்பு சற்றே நெகிழ்வானது. நைதரசனும் கந்தகமும் அதற்கு ஏற்றவை. ரல்ஃப் பியர்சன் 1963இல் இந்த ஒழுங்கை வன்மை, மென்மை என்று வகைப்படுத்தினார். புரதங்களைப் பார்க்கும்போது அந்த ஒழுங்கு வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. மூவேற்ற இரும்பைக் கடத்த வேண்டிய புரதம் ஒட்சிசன் அணுக்களை நீட்டுகிறது. ஈரேற்ற நிலையிலேயே வைத்திருக்க வேண்டிய புரதம் நைதரசனை நீட்டுகிறது. இலத்திரன்களைக் கைமாற்ற வேண்டிய புரதங்கள், இலைகளில் உள்ள பெரடொக்சின் போன்றவை, இரும்பையும் கந்தகத்தையும் சிறு கொத்தாகக் கட்டிச் சிஸ்டீன்களால் தாங்குகின்றன.

இனிச் சூரைக்கு வருவோம். அதன் தசையில் இருப்பது மயோகுளோபின். இந்தப் புரதத்தின் வரலாற்றில் திருகோணமலைக்காரருக்கு நெருக்கமான விலங்கொன்று உண்டு. கோணேசர் மலையின் உச்சியில் நின்று கிழக்கே பார்த்தால் தெரியும் நீலத்தின் கீழே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகிலேயே ஆழத்தில் இறங்குகிறது. அதனால்தான் நீலத் திமிங்கிலங்களும், பெருந்தலை கொண்ட எண்ணெய்த் திமிங்கிலங்களும் நம் கரைக்கு இவ்வளவு அண்மையில் வருகின்றன. எண்ணெய்த் திமிங்கிலம் ஆயிரம் மீற்றருக்கும் கீழே மூழ்கி, ஒரு மணித்தியாலம் வரை மூச்செடுக்காமல் இருக்கக்கூடியது. அதன் தசையில் மயோகுளோபின் அவ்வளவு நிறைந்திருப்பதால் இறைச்சி ஏறக்குறையக் கறுப்பாகவே தெரியும். முதன்முதலில் முப்பரிமாண வடிவம் கண்டறியப்பட்ட புரதம் இந்தத் திமிங்கிலத்தின் மயோகுளோபின்தான். கேம்பிரிட்ஜில் ஜோன் கென்ட்ரூவும் அவரது குழுவினரும் 1958இல் அதன் மங்கலான உருவத்தையும் 1960இல் அணுக்களை ஊகிக்கக்கூடிய அளவு தெளிவான உருவத்தையும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு பெற்றார்கள். 153 அமினோ அமிலங்கள், எட்டுச் சுருள்கள், நடுவே ஒரு பொந்து, அதற்குள் ஒரே ஓர் இரும்பு அணு.

அந்த இரும்பைப் புரதம் நேரடியாக முழுவதும் பிடிக்கவில்லை. ஈம் என்ற தட்டையான வளையம் ஒன்று இடையில் இருக்கிறது. வளையத்தின் நடுவில் நான்கு நைதரசன்கள் இரும்பைச் சுற்றி நிற்கின்றன. ஐந்தாவது கை, தட்டின் ஒரு பக்கத்திலிருந்து வரும் ஹிஸ்டிடினின் நைதரசன். இதுதான் ஈமைப் புரதத்தோடு கட்டிவைக்கும் கயிறு. ஆறாவது இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. ஒட்சிசன் வந்து உட்காரும் ஆசனம் அது.

ஈமைத் தனியே எடுத்துக் காற்றுள்ள நீரில் விட்டால் கணப்பொழுதில் அதன் இரும்பு மூவேற்ற நிலைக்குப் போய்விடும். ஓர் ஒட்சிசன் மூலக்கூறு இரண்டு ஈம்களுக்கு நடுவே பாலமாக அமர்ந்து, இரண்டையும் ஒரே வேளையில் கெடுத்துவிடுகிறது. மயோகுளோபினின் பொந்து ஒரே ஈமுக்குத்தான் இடம் தருகிறது. இன்னொரு ஈம் எதிரே வந்து நிற்கவே முடியாது. பொந்தின் சுவர்கள் நீரை விரும்பாத பக்கக் கிளைகளால் ஆனவை. நீரும் எளிதில் நுழையாது. காலி ஆசனத்துக்கு எதிரே இன்னொரு ஹிஸ்டிடின், இரும்பைத் தொடாமல், சற்றுத் தள்ளி நிற்கிறது. ஒட்சிசன் வந்து அமர்ந்ததும் அதனோடு ஒரு ஐதரசன் பிணைப்பை நீட்டி அதை நிலைநிறுத்துகிறது. என் பார்வையில் புரதங்கள் செய்யும் வேலைகளிலேயே மிக நுட்பமானது இந்தத் தொடாத கையின் வேலைதான். காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு, தனி ஈமோடு ஒட்சிசனைவிட ஏறக்குறைய 20,000 மடங்கு உறுதியாகச் சேரும். மயோகுளோபினின் உறவான, நம் இரத்தத்தின் ஈமோகுளோபினில் அந்த வேறுபாடு 200 முதல் 250 மடங்காகக் குறைந்துவிடுகிறது. குறைந்தும் அது உயிரைக் கொல்லப் போதுமானது; மூடிய அறையில் மின்பிறப்பாக்கியை ஓடவிடுவது அதனால்தான் இவ்வளவு ஆபத்து. ஆனால் அந்த ஹிஸ்டிடின் ஒட்சிசனுக்கு மட்டும் சலுகை காட்டியிராவிட்டால், உடலுக்குள் இயல்பாகவே ஊறும் சிறிதளவு காபனோரொட்சைட்டே நம்மை மூச்சுத் திணறவைத்திருக்கும்.

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பதும், அறுத்த சதை பழுப்பாகியிருந்தால் ஒதுக்குவதும் இதே இரும்பை அளக்கும் முறைகள்தாம். உயிரோடு இருக்கும் தசையில் ஈமின் இரும்பு அவ்வப்போது மூவேற்ற நிலைக்கு நழுவினாலும், அதை மீட்டுக் கொண்டுவர நொதியங்கள் உண்டு. இறந்தபின் அந்த மீட்பு நின்றுபோகிறது. மூவேற்ற இரும்பு ஒட்சிசனை ஏற்காது, ஆறாவது ஆசனத்தில் நீர் மூலக்கூறு அமர்ந்துகொள்ளும், சிவப்பு பழுப்பாகும். சூரைத் துண்டுகளுக்குக் காபனோரொட்சைட்டு ஊட்டி, பழையதையும் புதியதுபோலச் சிவப்பாகவே வைத்திருக்கும் வழக்கம் உலக வணிகத்தில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் அதை அனுமதிப்பதில்லை. நிறம் போகாததால் மீன் கெட்டது கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்பதே அச்சம்.

கொட்டியாரக்குடாவில் பிடிபடும் நண்டையும் கணவாயையும் அறுத்தால் இந்தச் சிவப்பைக் காண முடியாது. அவற்றின் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது ஈமோசயனின். பெயரில் ஈம் இருந்தாலும் உள்ளே ஈமும் இல்லை, இரும்பும் இல்லை. மும்மூன்று ஹிஸ்டிடின்களால் தாங்கப்பட்ட இரண்டு செப்பு அணுக்கள் ஓர் ஒட்சிசன் மூலக்கூறை நடுவில் பிடிக்கின்றன. ஒட்சிசன் ஏறியதும் நீலம், இறங்கியதும் நிறமில்லை.

நம் இரத்தத்தின் ஈமோகுளோபின், மயோகுளோபின் போன்ற நான்கு அலகுகள் சேர்ந்தது. உடலின் இரும்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இங்கேதான் இருக்கிறது. 1937இல் இதில் இறங்கிய மக்ஸ் பெருட்ஸ் அதன் உருவத்தைப் பெற இருபதாண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1962இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசை அவரும் கென்ட்ரூவும் பகிர்ந்துகொண்டார்கள். அது செயற்படும் விதத்தை அவர் 1970இல்தான் விளக்கினார். ஒட்சிசன் இல்லாதபோது இரும்பு வளையத்தின் தளத்தைவிட்டுச் சற்றே ஹிஸ்டிடின் பக்கம் விலகி நிற்கிறது. ஒட்சிசன் அமர்ந்ததும் இரும்பின் இலத்திரன்கள் வேறுவிதமாக அடுக்கப்பட்டு, அது ஒடுங்கித் தளத்துக்குள் வந்துவிடுகிறது. நகர்ந்த தூரம் ஏறக்குறைய 0.04 நனோமீற்றர். இரும்போடு கட்டப்பட்ட ஹிஸ்டிடினும் கூடவே இழுபடுகிறது. அது இருக்கும் சுருள் அசைகிறது. அந்த அசைவு அடுத்த அலகுகளுக்கும் போய், அவை ஒட்சிசனை எளிதாக ஏற்கும்படி செய்கிறது. நுரையீரலில் நான்கும் நிறைவதும், தசையில் தேவைக்கேற்ப எளிதாக இறக்கிவிடுவதும் இதனால் இயல்கின்றன.

ஈமின் ஆறாவது ஆசனத்தில் தகாதவர் அமர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் சமையலறையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கோடு இஞ்சி சேர்க்கக் கூடாது என்று சொல்லாத வீடு இங்கே இல்லை. உண்மையான நஞ்சு கிழங்கிலேயே இருக்கிறது. லினமரின் என்ற பொருள் சிதைந்து ஐதரசன் சயனைட்டைத் தருகிறது. கலத்தின் மூச்சுச் சங்கிலியின் கடைசியில் சைற்றோகுரோம் ஒட்சிடேசு என்ற நொதியம் இருக்கிறது. நாம் இழுக்கும் ஒட்சிசனில் பெரும்பகுதி அங்கேதான் நீராக மாறுகிறது. அதன் ஈம் இரும்பு மூவேற்ற நிலைக்கு வரும் தருணத்தில் சயனைட்டு அதைப் பற்றிக்கொள்கிறது. இரத்தத்தில் ஒட்சிசன் நிறைந்திருந்தும் கலத்தால் அதைப் பயன்படுத்த முடியாது. கிழங்கைத் தோலுரித்து, துண்டாக்கி, நிறைய நீர் விட்டு, மூடாமல் அவிக்கும் பழக்கம் எளிதில் ஆவியாகும் அந்த நஞ்சை வெளியேற்றிவிடுகிறது. சயனைட்டு நஞ்சுக்கு மருத்துவர்கள் கொடுக்கும் ஒரு பழைய மாற்று, நைத்திரைற்று. அது ஈமோகுளோபினில் ஒரு பகுதியின் இரும்பை வேண்டுமென்றே மூவேற்றமாக்குகிறது. சயனைட்டுக்குப் பிடித்தமான இரும்பு இரத்தத்தில் ஏராளமாகக் கிடைக்க, அது நொதியத்தைக் கைவிட்டு அங்கே போய்விடுகிறது. ஓர் அயனின் ஏற்றத்தை மாற்றி உயிர் காக்கும் இந்த முறையை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இனி மூவேற்ற இரும்பின் பக்கம். இரத்தத்தில் அதைச் சுமந்து செல்வது திரான்ஸ்பெரின். இதற்கு இரண்டு மடல்கள். ஒவ்வொன்றும் வாய்போலத் திறந்து மூடும். ஒரு மடலில் இரண்டு தைரோசின், ஓர் அஸ்பார்டிக் அமிலம், ஒரு ஹிஸ்டிடின் என நான்கு கைகள். மீதி இரண்டு இடங்களைப் புரதம் தரவில்லை. காபனேற்று அயன் ஒன்று வந்து தன் இரண்டு ஒட்சிசன்களைத் தருகிறது. காபனேற்று இல்லாவிட்டால் இரும்பு உறுதியாகத் தங்காது. ஆறில் ஐந்து ஒட்சிசன்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பிடியின் வலிமை ஒன்றுக்குப் பின் இருபது பூச்சியங்கள் போடும் அளவுக்கு இருக்கிறது. இரும்பு ஏறிய திரான்ஸ்பெரின் இளஞ்செம்மை நிறம் கொண்டது. தைரோசினின் ஒட்சிசனும் இரும்பும் கைகோத்ததன் அடையாளம் அந்த நிறம். முட்டை வெள்ளைக்கருவிலும், பசு கன்று ஈன்றதும் கறக்கும் கடும்புப் பாலிலும், தாய்ப்பாலிலும் இதன் உறவுப் புரதங்கள் உண்டு. பற்றீரியாக்களுக்கு இரும்பு கிடைக்காமல் அவை பூட்டிவைக்கின்றன.

இவ்வளவு இறுக்கமான பிடியை அவிழ்ப்பது எப்படி? கலம் திரான்ஸ்பெரினைச் சிறு பைக்குள் விழுங்கி, பையின் உட்புறத்தை அமிலமாக்குகிறது. பி.எச். பெறுமானம் 5.5 அளவுக்கு இறங்கியதும் ஐதரசன் அயன்கள் அந்தக் கைகளிலும் காபனேற்றிலும் ஏறிக்கொள்கின்றன, மடல் திறக்கிறது, இரும்பு விழுகிறது. வெறும் திரான்ஸ்பெரின் மீண்டும் இரத்தத்துக்குப் போகிறது. எந்த நேரத்திலும் இரத்தத்தில் இப்படிப் பயணிப்பது ஏறக்குறைய 3 மில்லிகிராம் இரும்புதான். ஒரு நாளில் 20 முதல் 25 மில்லிகிராம் அந்த வழியால் கடந்துவிடுகிறது.

மடல்களில் சாதாரணமாக மூன்றில் ஒரு பங்குதான் நிறைந்திருக்கும். காலியான இடங்களில் வேறு உலோகங்களும் ஏறலாம். அலுமினியம் இரத்தத்தில் பெரும்பாலும் இதில்தான் பயணிக்கிறது. நான்கு நேரேற்றம் கொண்ட டைட்டேனியமும் இங்கே இறுக அமர்கிறது. புல்மோட்டைக் கறுப்பு மணலில் இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனின் நடுவே இல்மனைற்றாகச் சேர்ந்தே கிடக்கின்றன. ஒட்சிசனை விரும்பும் அந்தக் குணம் கனியத்திலும் புரதத்திலும் மாறுவதில்லை.

கலத்துக்குள் மிச்சப்படும் இரும்பு பெரிற்றினுக்குப் போகிறது. 24 அலகுகள் கூடிய பந்து அது. உள்ளே 8 நனோமீற்றர் வெற்றிடம். ஈரேற்ற இரும்பு சிறு வாயில்களால் உள்ளே போய், அங்கேயே மூவேற்றமாக்கப்பட்டு, 4,500 அணுக்கள் வரை படிந்துகொள்ளும். படிவது வாளியின் அடியில் கண்ட துருவுக்கு மிக நெருங்கிய உறவு. துருவை ஒழிக்க முடியாத உடல் அதற்கு ஒரு பானை செய்து வைத்திருக்கிறது.

உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது புரதம் மட்டும்தான் என்று இதுவரை படித்தவர்கள் எண்ணக்கூடும். உண்மை அவ்வளவு எளிதல்ல. ஹரி இர்விங்கும் றொபர்ட் வில்லியம்சும் 1948இல் காட்டிய வரிசை ஒன்று உண்டு: மங்கனீசு, இரும்பு, கோபாற்று, நிக்கல், செம்பு என்று ஈரேற்ற அயன்களின் பிணைப்பு வலுத்துக்கொண்டே போய், நாகத்தில் (துத்தநாகத்தில்) மீண்டும் தளர்கிறது. எந்தப் பொந்தாக இருந்தாலும், விட்டால் செம்புதான் வெல்லும். இரும்புக்கென்று அமைந்த இடத்தில் இரும்பு இருப்பதற்குக் காரணம், கலம் செம்பைத் தனியே நடமாட விடாததும்தான். செம்பைக் கையோடு கூட்டிச் செல்லத் தனிப் புரதங்கள் இருக்கின்றன. இரும்பை ஈமுக்குள் வைப்பதற்கும் பெரோகெலற்றேசு என்ற நொதியம் ஒன்று வேலை செய்கிறது.

அந்த நொதியத்தின் எதிரி நம் கரையிலேயே இருக்கிறது. வலைக்குக் கோக்கும் ஈயத்தை வீட்டு முற்றத்திலேயே உருக்கி வார்ப்பவர்கள் உண்டு. அருகில் பிள்ளைகள் விளையாடுவதையும் பார்த்திருக்கிறேன். ஈயம் ஈம் உருவாகும் பாதையின் நொதியங்களைத் தடுக்கிறது, பெரோகெலற்றேசு உட்பட. இரும்பு அமர வேண்டிய வளையத்தில் நாகம் அமர்ந்துகொள்கிறது. நாகம் அமர்ந்த வளையத்தால் ஒட்சிசனைச் சுமக்க முடியாது. இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து ஈய நஞ்சையும் இரும்புக் குறைபாட்டையும் மருத்துவர்கள் அறிகிறார்கள். ஈயம் உருக்குவதைப் பிள்ளைகள் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று கரையோரத்து நண்பர்களிடம் நான் சொல்லாத நாளில்லை.

கிளினிக்கில் இரும்பு மாத்திரை தரும்போது தேநீரோடு குடிக்காதீர்கள் என்று தாய்மாருக்குச் சொல்வதும் இந்தப் பிடி பற்றிய அறிவுரைதான். தேயிலையின் துவர்ப்புப் பொருள்களில் அருகருகே நிற்கும் ஒட்சிசன்கள் இரும்பை இடுக்கிபோலப் பிடித்துக் குடலுக்குக் கிடைக்காமல் செய்துவிடும். தைரோசின் பிடிக்கும் அதே வகை ஒட்சிசன்கள்தாம். கடுக்காய்ச் சாற்றில் இரும்பைச் சேர்த்துக் கருமை எடுத்ததும் இந்தப் பிணைப்பால்தான். முருங்கையிலை, பயறு போன்றவற்றின் இரும்பும் தேநீரிடம் தோற்கும். சூரையின் இரும்போ பெருமளவில் தப்பிவிடுகிறது. அது ஈம் வளையத்தின் நான்கு நைதரசன்களுக்கு நடுவே பூட்டிய நிலையில் அப்படியே குடற்சுவருக்குள் போய்விடுகிறது. தேயிலையால் அதைத் தொட முடியாது. உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விட்டாலே போதும். இலைக் கறியில் தேசிக்காய் பிழிவது இன்னும் நல்லது. அதன் உயிர்ச்சத்து சி இரும்பை ஈரேற்ற நிலையில் வைத்திருக்கும்.

ஈமோகுளோபின் சரிவர உருவாகாத பரம்பரை நோயான தலசீமியா உள்ள பிள்ளைகளின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்களுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு பை இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடல் ஒரு நாளில் இழப்பதோ 1 அல்லது 2 மில்லிகிராம். மிச்சம் பெரிற்றினை நிறைத்து வழிந்து, இதயத்திலும் ஈரலிலும் தங்குகிறது. அதற்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று டெஸ்பெரியொக்சமின். மண்ணில் வாழும் பற்றீரியா ஒன்று தனக்கு இரும்பு தேட உருவாக்கிய மூலக்கூறிலிருந்து வந்தது. நீண்ட இழையில் ஆறு ஒட்சிசன்கள். மூவேற்ற இரும்பைக் கண்டதும் சுருண்டு ஆறு பக்கமும் சூழ்ந்துகொள்ளும். ஈமோகுளோபினின் இரும்பை அது தொடாது. வயிற்றுத் தோலின் கீழ் ஊசி குத்தி, சிறிய பம்ப் ஒன்றால் இரவில் 8 முதல் 12 மணித்தியாலம் அதைச் செலுத்துவார்கள். காலையில் பிள்ளையின் சிறுநீர் செம்மை கலந்து போகும். தாய்மார் அந்த நிறத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை. இரவெல்லாம் மருந்து பிடித்த இரும்பு வெளியே போய்க்கொண்டிருக்கிறது.